துணைப் பார்வையாளர்

"தெரியுதா?"

"தெரியுது."

"எங்க?"

"வலது பக்கம். அந்தப் பெரிய மரத்துக்கு மேல. நல்லாத்தான் போகுது, நீ பாட்டுக்கு ஓட்டு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தின் ஓரத்தில் இரண்டு மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்வது இவ்வளவுதான். என் முகத்தில் டிரோன் கண்ணாடி இருக்கும். நீச்சல் கண்ணாடியைவிட நாலு மடங்கு பெரியது. போட்டுக்கொண்டால் வெளிச்சம் ஒரு பொட்டு உள்ளே வராது. டிரோனின் மூக்கில் இருக்கிற கேமரா எதைப் பார்க்கிறதோ அதை மட்டும்தான் நான் பார்ப்பேன், காலடியில் பாம்பு ஊர்ந்து போனாலும் எனக்குத் தெரியாது. அதனால்தான் சட்டம் ஒன்று சொல்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு துணைப் பார்வையாளர் இருக்க வேண்டும். டிரோன் ஏறியதிலிருந்து இறங்குகிறவரை அவர் அதை வெறுங்கண்ணால் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே ஆள் வந்தாலோ, மேலே ஹெலிகாப்டர் வந்தாலோ அவர்தான் எச்சரிக்க வேண்டும். அந்தப் பதவியில்தான் என் புருஷன் ஒன்றரை வருஷமாக இருந்தார்.

எனக்குச் சட்டம் பிடிக்கும். சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இருபது வருஷமாக லிப்ட் சோதிக்கிற வேலை பார்க்கிறேன். லிப்டின் கூரைமேல் ஏறி நின்று, கம்பிவடத்தில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று டார்ச் அடித்து எண்ணி, பிரேக் பிடிக்கிறதா என்று மூன்று தடவை பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன். இல்லையென்றால் கதவில் சிவப்பு அட்டை: பயன்படுத்தக் கூடாது. எட்டாவது மாடிக்குப் பீரோ ஏத்தணும் மேடம், ஒரே ஒரு தடவை விடுங்க மேடம் என்று கெஞ்சியிருக்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஆபீசில் எனக்கு 'சீல்' என்று பெயர். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு, நானே வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நாள் முழுக்க லிப்ட் குழிக்குள்ளேயே கிடக்கிறவளுக்குக் கொஞ்சம் ஆகாயம் வேண்டியிருந்தது. ஐம்பது முடிந்த அன்று டிரோன் வாங்கிவிட்டேன். பரீட்சை எழுதினேன், நாற்பதுக்கு நாற்பது. பதிவு எண்ணை அதன் வயிற்றில் ஒட்டினேன். நூற்றிருபது மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, ஆட்கள் தலைக்கு மேல் போகக் கூடாது, ரோட்டைத் தாண்டக் கூடாது, அஸ்தமனத்துக்கு முன்னால் இறக்கிவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்து, நனையாமல் உறை போட்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டேன். முதல் நாள் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பொம்மை ஓட்டறதுக்கு எதுக்கும்மா இத்தனை ஜம்பம்?" என்றார்.

அவர் பஸ் டிரைவர். பதினேழாம் நம்பர் வண்டி, இருபத்திரண்டு வருஷமாக அதே ரூட். எங்கள் தெருவில் அவருக்கும் 'பதினேழு' என்றே பெயராகிவிட்டது. இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. துணைப் பார்வையாளர் வேண்டும் என்று நான் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது அவராகத்தான் வந்தார். "வானத்தைப் பாக்கணும், அவ்வளவுதானே? ரோட்டையே பாத்துப் பாத்து எனக்கும் அலுத்துப்போச்சு," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரே திசையில் பார்த்த விஷயங்களைக் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பறப்புக் குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், உயரம் எழுதி, கடைசிக் கட்டத்தில் 'துணைப் பார்வையாளர் முழு நேரமும் பார்த்தார்' என்பதற்கு எதிரே அவர் கையெழுத்து வாங்குவேன். நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமையன்று எழுபத்தோராவது பறப்பு.

அன்று காற்று கொஞ்சம் எதிர்ப்புறமாக வீசியது. மைதானத்தின் இடதுகோடி வரை போய்விட்டுத் திரும்பும்போது, சும்மா ஒரு ஆசைக்கு, கேமராவை எங்கள் பக்கம் திருப்பினேன். தூரத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான், கறுப்புப் பெட்டியை முகத்தில் மாட்டிக்கொண்டு, ஏதோ காத்துக் கருப்பு மாதிரி. இன்னொன்றில் அவர், காலை நீட்டிக்கொண்டு, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு. அடடா, எத்தனை சிரத்தை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் உறைத்தது. அவர் முகம் என்னைப் பார்க்கவில்லை. நான் என்றால் டிரோன். அது இருந்தது இடது பக்கம். அவர் வலது பக்கம், பெரிய மரத்துக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க இருக்கு? கையைக் காட்டுங்க," என்றேன்.

"அதோ," என்று கையை நீட்டினார். கையை அரைகுறையாகத் தூக்கவில்லை. தோளிலிருந்து விரல்நுனிவரை நேராக, ரூட் தெரியாத பயணிக்கு வழிகாட்டுகிற மாதிரி நீட்டினார். மேலேயிருந்து அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு அளவையை வைத்து லிப்டை மூட மாட்டேன். மூன்று தடவை பார்க்க வேண்டும். வாயைத் திறக்காமல் டிரோனை மைதானத்தின் கோடிக்கே கொண்டுபோய் மெதுவாகப் புல்லில் இறக்கினேன். மோட்டாரை அணைத்தேன். கண்ணாடிக்குள் எனக்குத் தெரிந்தது புல் மட்டும்தான், ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"இப்ப தெரியுதா?"

கொஞ்சம் தாமதித்தார். "தெரியுது. அப்படியே ஒரே இடத்துல நிக்குது."

"மேலயா?"

"ஆமா, மேலதான். நல்லா தெரியுது."

எறும்பு புல்லின் நுனிவரை போய்விட்டுத் திரும்பி இறங்க ஆரம்பித்தது. மூன்றாவது தடவை கேட்க எனக்கு மனசு வரவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் இரண்டோடு நிறுத்தியது அன்றைக்குத்தான்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைதானத்தின் கோடிவரை நடந்துபோய் டிரோனை எடுத்துவந்தேன். ஏன் அவ்வளவு தூரம் இறக்கினாய் என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். குறிப்பேட்டை நான் நீட்டவில்லை, அதையும் அவர் கேட்கவில்லை.

கார் பக்கத்தில் வந்ததும் கையை நீட்டினேன். "சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"நான் ஓட்டறேன்."

"நீயா? நீ ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிடும்."

"ஆகட்டும். குடுங்க."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, கொடுத்துவிட்டார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நான் ஒரு கணக்குப் போட்டேன். நாளைக்குத் திங்கட்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு அவருக்கு டூட்டி. முதல் நடையிலேயே வண்டி நிறைந்துவிடும், அறுபது பேருக்குக் குறையாது. சிக்னலுக்குச் சிக்னல் அந்த அறுபது பேரும் என் கார் பின்சீட்டில் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நல்லா தெரியுதுன்னு நீங்க சொன்னப்ப அது பறக்கவே இல்ல. தரையில இருந்துச்சு."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரை வைத்தார். "ஏதாச்சும் காக்காவப் பாத்திருப்பேன்."

"அதுக்கு முன்னாடி கை காட்டினீங்களே, நான் கேமராவுல உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன். நேர் எதிர்ப் பக்கம் காட்டினீங்க."

"ஓஹோ. கட்டின புருஷனையே மேல நின்னு வேவு பாக்கற அளவுக்கு ஆயிடுச்சா?"

"பேச்ச மாத்தாதீங்க. எத்தனை நாளா?"

ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேஜை விரிப்பிலிருந்த ஒரு நூலைப் பிடித்து முறுக்கினார்.

"சத்தம் கேக்கும்ல," என்றார் கடைசியில். "அது ஏறும்போது ஒரு சத்தம், திரும்பும்போது ஒரு சத்தம். காதுல வாங்கி அந்தப் பக்கம் பாத்துச் சொல்லிடுவேன். இன்னைக்குக் காத்து மாத்தி அடிச்சிடுச்சு."

எழுபது தடவை காதால் பார்த்திருக்கிறார் மனுஷன். நான் எழுபது கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன்.

"பஸ்ஸு?" என்றேன்.

"பஸ்ஸுக்கு என்ன? அந்த ரூட்டு எனக்குத் தூக்கத்துல வரும். இருபத்தேழு ஸ்டாப்பு, ஒம்போது சிக்னலு. எந்த இடத்துல பள்ளம், எங்க ஸ்பீடு பிரேக்கரு, எல்லாம் இந்தக் காலுக்குத் தெரியும்."

"ரூட்டு மாறாதுங்க. குறுக்க வர்ற ஆளு?"

"இருபத்திரண்டு வருஷம்!" மேஜையில் தட்டினார். "ஒரு கீறல் உண்டா? சொல்லு, ஒண்ணே ஒண்ணு? நான் என்ன உன் லிப்டா? கதவுல சிவப்பு அட்டை மாட்டிட்டுப் போகப்போறியா?"

"ஆமா. மாட்டத்தான் போறேன்."

எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். அறைந்து சாத்தவில்லை. சத்தமில்லாமல், தாழ்ப்பாள் போடாமல் சாத்தினார். அறைந்திருந்தால் எனக்குக் கோபமாவது மிஞ்சியிருக்கும். அங்கேயே உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டேன். சட்டம் சட்டம் என்று குதிக்கிறவள் வீட்டிலேயே கோட்டை விட்டிருக்கிறேன். எப்படி விட்டேன் என்று தேடிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். அங்கேயே இருந்தது, என் கையெழுத்திலேயே. 'துணைப் பார்வையாளரின் பார்வை சோதிக்கப்பட்டதா?' அதற்கு எதிரே 'ஆம்' கட்டத்தில் ஒரு டிக். நீல மையில், அழுத்தமாக. நான் எங்கே சோதித்தேன்? மைதானத்தின் கோடியில் ஒரு தொப்பியை வைத்து என்ன நிறம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பஸ் ஓட்டுகிறவருக்குக் கண் சோதனை எதற்கு என்று டிக் போட்டுவிட்டேன். கூரைமேல் ஏறாமலே ஒரு லிப்டுக்குக் கையெழுத்துப் போட்டவளை ஆபீசில் விட்டுவைத்திருப்பேனா?

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கிட்டத்தில் இருப்பது அவருக்குத் தெரியும். வாசித்தார்.

"இது நான் போட்ட டிக்," என்றேன். "உங்க தப்புக்கு முன்னாடி என் தப்பு. மொதல்ல எனக்குத்தான் அட்டை மாட்டணும்."

விரலால் அந்த டிக்கை ஒருமுறை தடவினார். பிறகு, "டிப்போவுலயும் இப்படித்தான்," என்றார். "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ கண்ணு டெஸ்டு. அந்தச் சுவத்துல இருக்கற எழுத்துப் பலகைய அவங்க மாத்தினதே இல்ல. எனக்கு மனப்பாடம். மேல இருந்து கீழ வரைக்கும், கடைசி வரியைத் தலைகீழாக்கூடச் சொல்லுவேன்."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம், அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

"மீசைய ஞாபகம் இருக்கா?" என்றார். மீசை என்பது அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் வீட்டுக்கெல்லாம் வந்திருக்கிறார். "போன வருஷம் கண்ணு சரியில்லேன்னு அவனாப் போய்ச் சொன்னான். ஸ்டியரிங்க வாங்கிட்டாங்க. இப்ப வண்டி கழுவற ஷெட்டுல குழாயப் புடிச்சுட்டு நிக்கறான். நான் உள்ள வரும்போது கையை ஆட்டுவான். முகம் தெரியாது எனக்கு. தண்ணி பீச்சறத வெச்சு, அவன்தான்னு நானும் கையை ஆட்டுவேன்."

அதைக் கேட்டதும் எனக்குப் பயமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது, இத்தனை நாள் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது. கடந்த ஒரு வருஷமாக டிவியை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டவர் அவர்தான். ஒலி சரியாகக் கேட்கவில்லை என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

"சரி, எழுந்திருங்க," என்றேன். "மைதானத்துக்குப் போகலாம்."

"இனிமே நான் எதுக்கு அங்க?"

"துணைப் பார்வையாளரா இல்ல. வாங்க, சொல்றேன்."

ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். காற்று அடங்கியிருந்தது. அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, கைபேசியில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். நாற்காலியில் அவரை உட்காரவைத்து டிரோன் கண்ணாடியை அவர் முகத்தில் மாட்டினேன். நான் வெறுங்கண்ணால் பார்த்து ஓட்டப் போகிறேன். ஓட்டுகிறவளே பார்க்கும்போது துணைப் பார்வையாளர் தேவையில்லை. கண்ணாடி போட்டிருப்பவர் வெறும் பயணி. சட்டத்தில் ஓட்டை ஒன்றும் இல்லை, எப்படிப் பார்த்தாலும் சரி.

"மங்கலாத்தான் இருக்கு," என்றார்.

கண்ணாடியின் அடியில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சிறு சக்கரங்கள் உண்டு. ஆளுக்குத் தக்கபடி திருகிக்கொள்ளலாம். அவர் விரலைப் பிடித்து அதில் வைத்தேன். "மெதுவாத் திருப்புங்க. தெளிவாகற இடத்துல நிறுத்துங்க."

டிரோனை ஏற்றினேன். பெரிய மரத்தை ஒட்டி, அதன் உச்சிக்குச் சமமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். என் கண் அதைவிட்டு நகரவில்லை, ஆரஞ்சு நாடா சுற்றிய அந்தச் சின்ன உடம்பு எனக்கு நன்றாகவே தெரிந்தது. அவர் விரல் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே போனது. கோடிவரைக்கும் திருப்பினார். அங்கே நின்றது.

அவர் வாய் லேசாகத் திறந்துகொண்டது.

"என்னங்க?"

"இலை," என்றார். "இலை இலையாத் தெரியுது." கொஞ்ச நேரம் கழித்து, "இப்படியா இருக்கு? எல்லாருக்கும் இப்படியா தெரியுது?"

"ஆமா."

"நான் வயசானா எல்லாருக்கும் மங்கும்னு நெனச்சேன். உனக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

டிரோனைத் திருப்பி மைதானத்தின் வேலிப் பக்கம் கொண்டுபோனேன். வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு. பதினேழாம் நம்பர் ரூட் அதுதான், எங்களுக்கு எதிரே ஒரு ஸ்டாப் உண்டு. "இன்னும் கொஞ்சம் முன்னாடி போயேன்," என்றார். "ரோட்டுக்கு மேல போகக் கூடாது," என்றேன். "அதானே பாத்தேன், சீல்," என்றார். வேலிக்கு இந்தப் பக்கமே நிறுத்தினேன். ஒரு பஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பதிலாக ஓட்டுகிறவரின் வண்டி.

"பதினேழு," என்று வாசித்தார். "நம்பர் பிளேட்டு..." கடைசி இரண்டு எண்களையும் சொன்னார். "முன் கண்ணாடியில ஒரு சின்ன விரிசல் இருக்கு பாரு, மேல. அது என் வண்டி. இந்த விரிசல் எப்ப வந்துச்சு?"

பஸ் போய்விட்டது. ஸ்டாப்பில் ஏறாமல் நின்றுவிட்ட ஒரு பெண் ரோட்டைக் கடந்தாள். சட்டென்று, இரண்டு பக்கமும் பார்க்காமல், கைபேசியைப் பார்த்துக்கொண்டே. அவளையும் அவர் பார்த்தார். அவள் இந்தப் பக்கம் வந்து சேருகிறவரை அவர் மூச்சு விடவில்லை.

"எறக்கு," என்றார்.

இறக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கைபேசியை முகத்துக்கு அருகே கொண்டுபோய் எண்ணைத் தேடினார். நான் உதவிக்குப் போகவில்லை. டிப்போவில் யாரோ எடுத்தார்கள்.

"நான்தான், பதினேழு பேசறேன். நாளைக்கு நான் வண்டி எடுக்கல... இல்ல, காய்ச்சல் இல்ல. கண்ணு... ஆமா, கண்ணுதான். சும்மா லீவுன்னு போடாதீங்க, காரணத்த எழுதிக்கோங்க. டாக்டரப் பாத்துட்டு வந்து சொல்றேன்... அப்புறம் ஒண்ணு. அந்த எழுத்துப் பலகைய மாத்துங்க. எத்தனை பேருக்கு மனப்பாடமோ தெரியல." வைத்துவிட்டார். இருபத்தேழு ஸ்டாப்பு, ஒம்போது சிக்னலு என்று அடுக்கிய அதே குரல்.

மூக்குக்கண்ணாடி போட்டால் சரியாகிற கோளாறோ, அதற்கு மேற்பட்டதோ, எனக்குத் தெரியாது. நான் லிப்ட் பார்ப்பவள். காலையில் நான்தான் காரை ஓட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஸ்டியரிங் திரும்பக் கைக்கு வருமா, மீசையோடு குழாய் பிடிக்க வேண்டியிருக்குமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"இன்னொரு பேட்டரி இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அடுத்த வண்டி அஞ்சே முக்காலுக்கு. எட்டு நிமிஷம் இருக்கு."

பேட்டரியை மாற்றினேன். கழுத்தில் தொங்கிய தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டேன், வெளிச்சம் போதும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிரோனை ஏற்றி, வேலிக்கு இந்தப் பக்கம், ஸ்டாப் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"தெரியுதா உனக்கு?" என்றார்.

"தெரியுது."

"எங்க?"

"நேரா. வேலிக்கு மேல."

ரோட்டின் வளைவில் பஸ் திரும்பியது. அவர் தலை அதோடு சேர்ந்து திரும்பியது. தலையைத் திருப்பினால் படம் திரும்பாது என்று நான் சொல்லவில்லை. கைகள் இரண்டும் மடியில் கொஞ்சம் அகன்று, எதையோ பிடித்திருப்பதுபோல இருந்தன. வண்டி ஸ்டாப்பை நெருங்கியது. அவருடைய வலது கால் செருப்புக்குள் லேசாக எழுந்து, புல்லின்மேல் மெதுவாக, மிக மெதுவாக, அழுந்தியது. பஸ் குலுங்காமல் நின்றது.